மெழுகு வைத்த வட்டில்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்குச் சங்கடமாக இருக்கும். இது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதை. சிரிக்கவும் இடமுண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இதில் சிரித்தவர்கள் எல்லாருமே அப்புறம் தரையைப் பார்க்க வேண்டி வந்தது.

அந்த ராஜாவுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. காதோரம் ஒன்றிரண்டு நரைமுடி எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. அதிலே அவருக்கு ரொம்ப வருத்தம். நரைத்த ராஜாக்களுக்குக் கட்டிடம் கட்டும் ஆசை வந்துவிடும் போலிருக்கிறது. ஊர் ஏரியின் நடுவிலே ஒரு நீராழி மண்டபம் வேண்டும், சித்திரைப் பௌர்ணமியன்று அதிலே உட்கார்ந்து தண்ணீருக்குள் நிலாவைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஏரியை வற்ற வைத்து வேலையைத் தொடங்கினார்கள். தலைமைச் சிற்பி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆடி மாதம்தான் முடியும் என்றார். ராஜாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அப்படியானால் தினமும் இன்னும் அதிக நேரம் வேலை வாங்குங்கள் என்றார்.

அதில்தான் ஒரு சிக்கல் இருந்தது. அந்த நாட்டில் ஆட்களுக்கு நாழிகைக் கணக்கில் கூலி. வேலை நடக்கும் இடத்தில் ஒரு அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, அதில் ஒரு சின்னச் செம்பு வட்டிலை மிதக்க விடுவார்கள். கொட்டாங்கச்சி அளவுதான் இருக்கும். அடியில் ஊசித் துளை. துளை வழியாகத் தண்ணீர் ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே மணி அடித்துவிட்டு, வட்டிலை எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்க விடுவார்கள். ராஜாவின் அப்பா, பெரிய ராஜா, ஏரிக்கரையில் ஒரு கல்லில் சட்டம் வெட்டி வைத்திருந்தார். வட்டில் இருபது முறை மூழ்கும் வரை வழக்கமான கூலி. அதற்குமேல் வேலை வாங்கினால் ஒவ்வொரு வட்டிலுக்கும் ஒன்றுக்கு ஒன்றரையாகக் கூலி. பத்தாவது வட்டில் மூழ்கியதும் கஞ்சி குடிக்க வேலையை நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் சட்டம். மகன் பட்டத்துக்கு வந்தபோது அந்தக் கல்லைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தார். அதனால் சட்டத்தை மாற்றவும் முடியாது, மீறவும் முடியாது. ஒன்றரைக் கூலி கொடுக்கவோ மனம் வரவில்லை.

சபையில் பொக்கிஷத்தைப் பார்த்துக்கொண்டவர் ஞானமூர்த்தி. பெயரில் ஞானம் இருந்தது, வயிற்றில் எரிச்சல் இருந்தது. எரிச்சல் யார் மேலே என்றால், சபையில் இருந்த மயிலேறி என்ற விகடன் மேலே. ராஜா எதற்கெடுத்தாலும் மயிலேறியைக் கூப்பிட்டுக் கேட்பார். கேட்டதற்கு அவனும் ஏடாகூடமாக ஒரு பதில் வைத்திருப்பான். ராஜா சிரிப்பார், பரிசு கொடுப்பார். அந்தப் பரிசுகளை எல்லாம் ஞானமூர்த்திதான் பொக்கிஷத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அன்றைக்கு அவர் எழுந்து நின்று, மிகவும் பணிவாகச் சொன்னார்.

"அரசே, சட்டமும் உடையக் கூடாது, பொக்கிஷமும் குறையக் கூடாது, மண்டபமும் சித்திரைக்குள் எழும்ப வேண்டும். இதற்கு வழி சொல்லக் கூடியவர் நம் மயிலேறியார் ஒருவர்தான். அவருக்கும் தெரியாது என்றால், இந்தச் சபையில் அவருக்கு எதற்கு ஓர் ஆசனம் என்று மற்றவர்கள் கேட்பார்கள். நான் கேட்க மாட்டேன்."

ராஜாவும் ஆவலாக மயிலேறியைப் பார்த்தார். சபையே பார்த்தது. மயிலேறிக்கு இது ஒரு பந்தயம். பந்தயம் என்று வந்துவிட்டால் அவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. ஒரு நாழிகை வட்டிலைக் கொண்டுவரச் சொன்னான். ஓலைக்கு முத்திரை வைக்கிற மெழுகிலிருந்து ஒரு கடுகளவு கிள்ளி, வட்டிலின் துளையோரத்தில் தேய்த்தான். தண்ணீரில் மிதக்க விட்டான். வட்டில் மூழ்குகிற வழியாக இல்லை. சபை காத்திருந்தது. ஒருத்தர் கொட்டாவி விட்டார். ராஜா சிம்மாசனத்திலிருந்து எட்டிப் பார்த்தார். வட்டில் இன்னும் மிதந்துகொண்டிருந்தது.

"அரசே, சட்டம் வட்டிலைத்தானே சொல்கிறது? சூரியனைச் சொல்லவில்லையே. இந்த வட்டில் இருபது முறை மூழ்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆட்கள் வேலை செய்தது இருபது வட்டில்தான். கல்லில் எழுதியபடி ஒரு காசு கூடக் குறையாமல் கொடுத்துவிடலாம்."

ராஜாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையிலிருந்த பொன் காப்பைக் கழற்றி மயிலேறியின் கையில் போட்டார். ஞானமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. வட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றுப்போன வருத்தம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரோ அதற்குள் மனக்கணக்குப் போட ஆரம்பித்திருந்தார்.

மயிலேறியின் வழக்கமான கதையாக இருந்தால் இங்கே முடிந்திருக்கும். ராஜா சிரித்தார், பரிசும் கொடுத்தார், சுபம். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். காப்பை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏரிக்கரை ஆட்களை அவன் நினைக்கவே இல்லை. கெட்ட எண்ணத்தோடு நினைத்தான் என்றால் கூட ஒரு மாதிரி. நினைக்கவே இல்லை.

சில வாரம் கழித்து ராஜா அவனை ஏரிக்கு அனுப்பினார். மண்டபத் தூண் ஒன்றில் மயிலேறியின் உருவத்தையும் செதுக்கச் சொல்லியிருந்தார். மூக்கு சரியாக வந்திருக்கிறதா என்று அவனே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். மயிலேறிக்குக் கால் தரையில் பாவவில்லை. நல்ல வேட்டியாக எடுத்து உடுத்திக்கொண்டு, காப்பும் கையுமாகப் போனான். தூணிலே அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். மூக்கும் சரியாகவே இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கேயோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கரையோரம் ஒரு புங்கமரத்தில் தூளி கட்டியிருந்தது. அழுகை அங்கிருந்துதான் வந்தது. யாரும் போய் எடுக்கவில்லை. தூளிக்குப் பக்கத்திலேயே வரிசை வரிசையாகச் சாந்துச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் காத்தாயி என்ற ஒருத்தி தூளியைத் தாண்டும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனாள். அவள் மாராப்பு நனைந்திருந்தது. வியர்வை இல்லை என்று மயிலேறிக்குத் தெரிந்தது. பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தான்.

"ஏம்மா, குழந்தை இப்படி அழுகிறதே, போய் எடுக்கக் கூடாதா?" என்று கேட்டான்.

"பத்தாவது வட்டில் முங்கணுமுங்க சாமி. முங்கினாத்தான் கஞ்சிக்கு விடுவாங்க. புள்ளைக்கும் அப்பத்தான் பாலு."

"உச்சிப்பொழுது ஆகிவிட்டதே."

"பொழுது ஆனா ஆச்சா? சட்டம் வட்டிலைத்தானே சொல்லுது, சூரியனைச் சொல்லலையே." கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். "அரமனையில ஒரு பெரிய மனுசர் அப்படிச் சொன்னாராம். ராசா விழுந்து விழுந்து சிரிச்சாராம். கங்காணி தெனமும் சொல்லிக்காட்டுறாரு, எங்களுக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு."

சபையில் சொன்னபோது அந்த வார்த்தைகள் எவ்வளவு நன்றாக இருந்தன. மயிலேறிக்குக் காது மடல் எரிந்தது.

அப்போதுதான் மணி அடித்தது. காத்தாயி சட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அதற்குள் குழந்தை அழுது அழுது களைத்துத் தூங்கிப்போயிருந்தது. கன்னத்தைத் தட்டினாள், உள்ளங்காலைச் சுண்டினாள், மாரில் வைத்துப் பார்த்தாள். அது வாயைத் திறக்கவில்லை. கஞ்சி வேளையும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் மரத்துக்கு அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, கட்டிப்போன பாலை வேரடியிலே பீய்ச்சிவிட்டாள். நாளைக்கும் அடைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே.

மயிலேறி அங்கிருந்து நழுவப் பார்த்தான். விட்டால்தானே. கங்காணி அவனைக் கண்டுகொண்டு ஓடிவந்து பெரிதாக ஒரு கும்பிடு போட்டான். ஆட்களைக் கூப்பிட்டு, "எல்லாரும் இவரைப் பார்த்துக்கோங்க. வட்டில் யோசனையைச் சொன்ன மகான் இவர்தான்" என்றான். ஞானமூர்த்தி ஐயா வாரத்துக்கு வாரம் மெழுகு கொஞ்சம் கூட்டி அனுப்புகிறார், பொக்கிஷத்துக்கு நல்ல மிச்சம் என்றும் சந்தோஷமாகச் சொன்னான்.

கஞ்சிக் கலயத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மயிலேறியைப் பார்த்தார்கள். ஒருத்தரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குப் பதில் சொல்லத் தெரியும். சும்மா பார்த்துவிட்டுக் கஞ்சியைக் குடித்தார்கள். காத்தாயி மாராப்பை இழுத்து மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மயிலேறி காப்புப் போட்ட கையை மேல்துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

மறுநாளே ராஜாவிடம் போய், அது விளையாட்டுக்குச் சொன்னது, வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சினான். ராஜா யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பக்கத்திலே ஞானமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். வட்டிலில் ஒரு குறையும் இல்லை, அந்த வட்டில் காட்டுவதுதான் இந்த நாட்டின் நாழிகை, இது தம் தலைமேல் ஆணை என்று சபை நடுவே அடித்துச் சொன்னார். ராஜாவின் முகம் கடுத்தது.

"மயிலேறி, நாம் இதற்குச் சிரித்தோம். பரிசும் கொடுத்தோம். இப்போது இது தப்பு என்றால், தப்பு யாருடையது?"

சுலபமான கேள்வி. சிறு பிள்ளை கூடப் பதில் சொல்லிவிடும். எதற்கும் பதில் வைத்திருக்கிற மயிலேறி வாயைத் திறக்கவில்லை. பயந்துவிட்டான். ஆசனம் போய்விடும் என்று பயம், ராஜாவின் முகத்தைப் பார்த்துப் பயம். தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான். ஏரிக்கரையில் வந்த வெட்கத்தைவிட இந்த வெட்கம் அதிகமாக இருந்தது. அன்று செய்தது தெரியாமல் செய்தது. இன்று பேசாமல் வந்தது தெரிந்தே வந்தது.

அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சபையில் விகடமும் வரவில்லை. பல்வலி என்று சொல்லிச் சமாளித்தான். ஏரியின் மணிச் சத்தம் காற்றில் வரும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வான். பொத்தினாலும் அடுத்த மணி எப்போது என்று மனசு எண்ணிக்கொண்டே இருக்கும். நேராகச் சொல்லத் தைரியம் இல்லாதவனுக்கு அவனுடைய பழைய தொழில்தான் மிச்சம். கோணலாகவாவது சொல்லிப் பார்ப்போம் என்று முடிவு செய்தான்.

தசமியன்று சபைக்கு வந்தபோது மறுபடி பழைய மயிலேறியாக வந்தான். ராஜாவைப் பார்த்து உச்சுக் கொட்டினான். என்ன என்று கேட்டார் ராஜா.

"பெரிய அநியாயம் நடக்கிறது, அரசே. ஏரிக்கரையில் நாழிகை நிதானமாக நடக்கிறது. அரண்மனை வட்டிலோ தலைதெறிக்க மூழ்குகிறது. கூலியாளுக்கு ஒரு நாள் போவதற்குள் தங்களுக்கு ஒன்றரை நாள் போய்விடுகிறது. இப்படியே போனால் அவர்களெல்லாம் இளமையாக இருப்பார்கள். தங்களுக்கு மட்டும் வயது ஏறிவிடும். நாட்டின் நாழிகை அதுதான் என்று பொக்கிஷத்தாரே ஆணையிட்டுச் சொன்னாரே. பிறகு அரண்மனைக்கு மட்டும் ஏன் வேறு நாழிகை?"

ராஜாவின் கை தானாகக் காதோரத்துக்குப் போனது. ஞானமூர்த்தியைப் பார்த்து, அப்படித்தானே என்று கேட்டார். இல்லை என்றால் வட்டில் பொய் என்று ஆகிவிடும். ஆமாம் என்றார் ஞானமூர்த்தி. ஏதோ சரியில்லை என்று அவருக்கு உள்ளுக்குள் தோன்றியது. ஆனால் எங்கே சரியில்லை என்று பிடிபடவில்லை. அன்று மாலையே ஏரி வட்டிலைப் போலவே மெழுகு வைத்த வட்டில் ஒன்று அரண்மனை அண்டாவில் மிதக்க ஆரம்பித்தது. இனிமேல் அரண்மனையில் எல்லாமே அந்த வட்டில்படிதான் என்று ராஜா உத்தரவு போட்டுவிட்டார்.

மறுநாள் ஏகாதசி. ராஜா பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படாமல் விரதம் இருப்பவர். ராஜாவின் மனசில் இடம்பிடிக்க வேண்டும் என்று ஞானமூர்த்தியும் தாமும் விரதம் என்று சொல்லியிருந்தார். மற்ற ஏகாதசிகளில் அவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார், உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்த ஏகாதசிக்கு மயிலேறி போட்டுக்கொடுத்துவிட்டான். பொக்கிஷத்தாரின் பக்தியை ராஜா பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றான். பகல் முழுக்கவும், இரவுக் கண்விழிப்பு முழுக்கவும் ஞானமூர்த்தி ராஜாவுக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டியதாகிவிட்டது.

விடிந்தால் துவாதசி. விரதத்தை முடித்துச் சாப்பிடுகிற பாரணைக்கு, சூரியன் உதித்துப் பத்து நாழிகை ஆக வேண்டும் என்று சோதிடர் குறித்திருந்தார். ராஜா குளித்துப் பூஜை முடித்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அகத்திக்கீரை, அவித்த முழு நெல்லிக்காய், வறுத்த சுண்டைக்காய், உருக்கின நெய் எல்லாம் பரிமாறி வைத்திருந்தது. எதிர் இலையில் ஞானமூர்த்தி. மயிலேறி ஓரமாக நின்றான். வட்டில் பார்க்கிற ஆள் அண்டாவின் பக்கத்தில் மணியோடு நின்றான்.

நாழிகை என்ன என்று ராஜா கேட்டார். ஆறாவது வட்டில் மிதக்கிறது என்றான் அந்த ஆள். ராஜா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். அதே ஆறாவதுதான். கீரை ஆறிப்போய் ஓரமெல்லாம் நீர் விட்டது. நெய் உறைந்து வெள்ளையாகிவிட்டது. அரண்மனையில் எல்லாரும் வட்டிலுக்குக் கட்டுப்பட்டுக் காத்திருந்தார்கள். கொட்டாரத்து யானை மட்டும் தன் வேளைக்குப் பிளிறிக் கவளத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அந்தச் சத்தம் ராஜாவின் காதில் விழுந்தது. பெருமூச்சு விட்டார்.

வெயில் முற்றத்தில் நேராக இறங்கியபோது எட்டாவது வட்டில் மிதந்துகொண்டிருந்தது. ராஜாவின் உதடு வெடித்திருந்தது.

"சூரியன் உச்சிக்கு வந்துவிட்டான். பத்து நாழிகை எப்போதோ ஆகியிருக்க வேண்டுமே," என்றார்.

"பொக்கிஷத்தாரைக் கேட்கலாம், அரசே. கணக்குச் சூரியனுடையதா, வட்டிலுடையதா?" என்றான் மயிலேறி.

ஞானமூர்த்தியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வட்டிலுடையதுதான்" என்றார். சொல்லிவிட்டு நெல்லிக்காயைப் பார்த்தார்.

"எமக்குப் பசிக்கிறது," என்றார் ராஜா. குரலில் கோபம் பாதி, குழந்தைத்தனம் பாதி. "அது ஒருவருக்கும் தெரியவில்லையா?"

மயிலேறி இந்த இடத்தில் ஒரு நல்ல விகடம் தயார் செய்து வைத்திருந்தான். எல்லாரும் சிரிக்கும்படியாக முடிக்கலாம் என்றுதான் எண்ணியிருந்தான். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"தெரிகிறது, அரசே. தங்களுக்கு ஒரு நாள் பசி. ஏரிக்கரையில் புங்கமரத்துத் தூளியில் ஒரு குழந்தை இருக்கிறது. அதற்கு இன்னும் பல் முளைக்கவில்லை. அதற்குத் தினமும் இந்த வட்டில்தான். இது மூழ்குகிற வரைக்கும் தாயை விட மாட்டார்கள். மூழ்குவதற்குள் குழந்தை அழுது தூங்கிவிடுகிறது. அவள் பாலை மரத்து வேரில் பீய்ச்சிவிட்டு வேலைக்குப் போகிறாள். என் கண்ணால் பார்த்தேன். சட்டத்தில் சொன்ன கூலி போய்விட்டது. பொழுது சாய்ந்து இருட்டிலே வீட்டுக்குப் போகிறார்கள். அந்தத் துளையில் மெழுகு வைத்தது இந்தக் கை. தப்பு யாருடையது என்று அன்றைக்குக் கேட்டீர்கள். பயந்துகொண்டு சும்மா இருந்தேன். தப்பு என்னுடையது, அரசே. சிரிப்பு மட்டும் தங்களுடையது."

ராஜாவின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வாடிப்போனது. இலையை விட்டு எழுந்தார். அண்டாவுக்குப் போய் வட்டிலைத் தாமே கையில் எடுத்தார். கவிழ்த்துப் பிடித்து, துளையிலிருந்த மெழுகை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். வாரத்துக்கு வாரம் கூட்டி வைத்த மெழுகின் அளவு அது, சுலபத்தில் வரவில்லை. ராஜா விடாமல் சுரண்டினார்.

வட்டிலைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டார்கள், அப்படியானால் பத்து நாழிகை ஆகிவிட்டது என்று ஞானமூர்த்தி எண்ணிக்கொண்டார் போலிருக்கிறது. நெல்லிக்காயை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். அது தொண்டையில் சிக்கி, கண் பிதுங்கி, பக்கத்தில் நின்றவன் முதுகில் ஓங்கிக் குத்திய பிறகு எகிறி வந்து மயிலேறியின் காலடியில் விழுந்தது. ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தே விட்டார். கையில் இருந்த வட்டிலைப் பார்த்ததும் பாதியிலே நிறுத்திக்கொண்டார்.

அன்றே உத்தரவு போட்டார். ஏரிக்கரையில் இத்தனை நாளும் வட்டில் எவ்வளவு தாமதித்ததோ அவ்வளவையும் சரியான நாழிகையாக மாற்றி, இருபதுக்கு மேற்பட்டதற்கெல்லாம் ஒன்றுக்கு ஒன்றரையாகக் கூலி கொடுக்க வேண்டும். அதை ஞானமூர்த்தி தம் கையாலேயே, ஏரி மண்ணில் நின்றுகொண்டு, ஒவ்வொருவரிடமும் கொடுக்க வேண்டும். மண்டபம் ஆடியில் முடிந்தால் ஆடியில் முடியட்டும். கைக்குழந்தைக்காரிகள் குழந்தை அழுதால் வட்டிலைப் பார்க்காமல் போகலாம் என்று கல்லிலே இன்னொரு வரி வெட்டவும் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஒரு கைப்பிடி சோறு சாப்பிட்டார்.

மயிலேறிக்கு மோதிரம் ஒன்றைக் கழற்றி நீட்டினார். அவன் வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வாங்கிக்கொள்" என்றார் ராஜா மெதுவாக. "அன்று வாங்கினாய். இன்று நீ மறுத்துவிட்டால் வெட்கம் எனக்கு மட்டும் என்று ஆகிவிடும்." அவன் வாங்கிக்கொண்டான்.

கூலி கொடுத்த நாளன்று மயிலேறியும் ஏரிக்கரைக்குப் போனான். ஞானமூர்த்தி வெயிலில் வியர்த்துக் கொட்டியபடி கொடுத்துக்கொண்டிருந்தார். காத்தாயி தன் கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். யாருக்கும் கும்பிடு போடவில்லை. அவளுடைய காசுதானே. மயிலேறி தயங்கித் தயங்கிப் போய், அந்தப் பொன் காப்பைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"இதை வச்சு நான் என்ன செய்யிறது சாமி. திருடினேன்னு புடிச்சுக்கிட்டுப் போவாங்க" என்றாள்.

குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டான். இடுப்பிலேதான் இருந்தது. அவன் காப்பைப் பிடித்து இழுக்கப் பார்த்தது.

"நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பாலு வத்திப்போச்சு. ஆட்டுப்பாலு குடுக்கிறோம். பழகிக்கிச்சு."

மயிலேறி குழந்தையின் விரல்களைக் காப்பிலிருந்து மெல்ல விடுவித்தான். மன்னித்துவிடு என்று சொல்லலாம். அதைச் சொல்லிவிட்டால் அவள் பதிலுக்குப் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிவரும். அந்தப் பாரத்தையும் அவள் தலையில் வைக்க வேண்டாம் என்று பேசாமல் நின்றான். அவளே பேசினாள்.

"ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லம்மா."

"ராசா இனிமே இந்த மாதிரி ஏதாச்சும் கேட்டாருன்னா, தெரியலைன்னு சொல்லிடுங்க சாமி. தெரியலைன்னு சொன்னாத் தலையா போயிடும்?"

சொல்லிவிட்டுக் குழந்தையை இறக்கித் தூளியில் போட்டுவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ராஜாக்களுக்கு வெட்கம் வருவது உண்டு. வந்த வெட்கம் அதிக நாள் தங்குவதில்லை, அவர்களுக்கு வேலை ஜாஸ்தி. மழைக்காலம் வந்தது. ஆற்றில் வெள்ளம் போகும்போது ஓடக்காரர்கள் பொழுது சாய்ந்தும் ஓடம் தள்ள வேண்டியிருந்தது. அதற்கு அவர்களுக்கு இரட்டைக் கூலி என்று பழைய வழக்கம். ஏரிக்கரை வெயிலில் வாடி, அதற்குள் உடம்பு தேறிவிட்ட ஞானமூர்த்தி சபையில் எழுந்து நின்றார். வழக்கமும் மாறக் கூடாது, இரட்டைக் கூலியும் கொடுக்கக் கூடாது, இதற்கு வழி சொல்லக் கூடியவர் மயிலேறியார் ஒருவர்தான் என்றார். ராஜாவுக்குக் கண் மின்னியது. பழைய ஆசையோடு மயிலேறியைப் பார்த்தார்.

மயிலேறிக்குப் பதில் தெரியும். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவன் புத்தியில் பளிச்சென்று வந்துவிட்டது. நல்ல பதில். சபையே உருண்டு புரண்டு சிரித்திருக்கும். என்ன பதில் என்று நான் சொல்லப் போவதில்லை. யாராவது கேட்டுக்கொண்டு போய்ச் செய்துவிடுவார்கள்.

அவன் எழுந்து நின்றான்.

"தெரியவில்லை, அரசே."

மயிலேறிக்குத் தெரியவில்லையா? ஞானமூர்த்தி கூட நம்ப முடியாமல் பார்த்தார். ராஜா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் மயிலேறி சொன்னதிலேயே இதுதான் பெரிய விகடம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சபையும் சிரித்தது. பட்டுச் சால்வை ஒன்றை வரவழைத்து அவனுக்குப் போர்த்தினார். மயிலேறி தரையைப் பார்த்தபடி அதை வாங்கிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். வேறு யாருக்கும் வழி தோன்றாததால், ஓடக்காரர்கள் அந்த மழைக்காலம் முழுக்க இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டார்கள்.